போன கரண்ட் திரும்பி வரும் பாதை



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

எமது வேனின் இடது பக்க ஹெட் லைட் மங்கலாக எரிகிறது என்று போன மாதம் இங்கே நாலு வரி போட்டிருந்தோம். "பல்ப மாத்துங்க சேர்" என்று கிட்டத்தட்ட எல்லோருமே பதில் எழுதியிருந்தீர்கள். நாமும் அதைத்தான் செய்தோம், மூன்று தடவை. கோளாறு பல்பில் இருக்கவில்லை. அது எங்கே இருந்தது என்று தேடப் போய், வாகன விளக்குகளின் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட கதைக்குள் விழுந்துவிட்டோம். நம்மில் ஒருவர் வரலாறு படிப்பிப்பவர். அதனால் வந்த வினை.

முதலில் அந்த இரவைச் சொல்லிவிடுகிறோம். ஆசிரியர்கள் நால்வர் சேர்ந்து ஓடும் பழைய ஜப்பான் வேன் அது. டீசல் காசைப் பங்கு போட்டுக்கொள்வோம். அநுராதபுரத்தில் ஒரு செயலமர்வு. முடியும்போதே மஃரிப் ஆகிவிட்டது. புத்தளம் வீதியில் கருவலகஸ்வெவ பக்கம் யானை நிற்கும் என்பதால் நால்வரின் கண்களும் காட்டோரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. யானை வரவில்லை. எமக்கு முன்னால், வீதியின் இடது ஓரத்தில், சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் போய்க்கொண்டிருந்தார். பின் லைட்டும் இல்லை, சிவப்புக் கண்ணாடித் துண்டும் இல்லை. எமது வலது லைட் வீதியின் நடுவைக் காட்டியது. ஓரத்தைக் காட்ட வேண்டிய இடது லைட் குப்பி விளக்குப் போல எரிந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் ஸ்டியரிங்கை வெட்டிய வெட்டில் விறகின் நுனி சைட் மிரரில் உரசிக்கொண்டு போனது.

இறங்கி ஓடினோம். பெரியவர் விழவில்லை. எங்களைத் திட்டவும் இல்லை. வேனின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் போதாதே மஹத்தயா" என்று சிங்களத்தில் சொன்னார். சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டார். வீடு வந்து சேரும்வரை நால்வரும் பேசவில்லை.

அடுத்த நாள் பல்ப் மாற்றினோம். இரண்டு நாள் நன்றாக எரிந்தது, பிறகு பழையபடி மங்கல். இன்னொரு கடை, இன்னொரு பல்ப். மூன்றாவது கடையில் பல்பையும் விற்றுவிட்டு, "இது சரிவராட்டி எல்ஈடி போடுங்க சேர், பகல் மாதிரி இருக்கும்" என்றார்கள். அப்போதுதான் பழைய பஸ் நிலையப் பக்கம் வயரிங் வேலை செய்யும் ஒரு நானாவிடம் போகச் சொல்லி ஒரு லொறிக்காரர் வழிகாட்டினார். பெயர் போட வேண்டாம் என்று நானா சொல்லிவிட்டார். எழுபதைத் தாண்டியவர். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து அங்கேயே கராஜ் வைத்திருந்து, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். கராஜும் சாமானும் அங்கே நின்றுவிட்டன. தொழில் மட்டும் கூட வந்தது.

அவர் பல்பைக் கழற்றவே இல்லை. ஒரு முழ வயரை எடுத்தார். ஒரு முனையைப் பெட்டரியின் மைனஸில் பிடித்தார். மறு முனையை இடது லைட்டின் பிளக்கில் கறுப்பு வயர் வரும் இடத்தில் தொட்டார். மங்கலாக இருந்த லைட் பளீரென்று வெள்ளையானது. வயரை எடுத்தார், மங்கியது. தொட்டார், வெளுத்தது.

"சேர், பல்புக்குக் கரண்ட் ஒழுங்காப் போகுது. போன கரண்ட் திரும்பி வரத்தான் பாதை இல்ல."

நால்வரில் ஒருவர் விஞ்ஞான பாட ஆசிரியர். ஓமின் விதியை வருடா வருடம் கரும்பலகையில் எழுதுபவர். முதல் பல்பை மாற்றச் சொன்னவரும் அவரேதான். இப்போது ரோஷம் வந்து மீட்டரைக் கேட்டு வாங்கி அளந்தார். பெட்டரியில் 12.4 வோல்ட். பல்பின் இரண்டு கால்களுக்கு இடையில் 9.8 தான். பல்புக்குப் போகும் வயரில் 0.2 வோல்ட் மட்டும் இழப்பு, அது பரவாயில்லை. பல்பிலிருந்து பெட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதையில் 2.4 வோல்ட் தின்னப்படுகிறது. அந்தப் பாதை என்பது வேனின் இரும்பு உடம்புதான். கறுப்பு வயரை உடம்போடு பிடித்திருந்த ஒரு சின்ன ஆணி உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்தது. உப்பளத்து ஊரில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் விட்டோமே என்று வெட்கமாகப் போய்விட்டது. புது பல்ப் போட்டதும் இரண்டு நாள் நன்றாக எரிந்ததன் காரணமும் புரிந்தது. பல்ப் மாற்றும்போது வயர் அசைகிறது, துருவில் ஒரு கீறல் விழுகிறது, கொஞ்சம் பாதை கிடைக்கிறது. நாம் பல்புக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம்.

12.4க்கு 9.8 என்றால் ஐந்தில் ஒரு பங்குதானே குறைவு, என்ன பெரிய விடயம் என்று நினைக்கலாம். இழை பல்பில் கணக்கு அப்படி ஓடாது. அழுத்தம் பத்து வீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய முப்பது வீதம் குறைந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் பாதி வெளிச்சம்கூட மிஞ்சாது. அந்தப் பெரியவரின் பக்கத்துக்கு நாம் கொடுத்த வெளிச்சம் அவ்வளவுதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

ஆரம்ப கால மோட்டார் கார்களில் மின்சார விளக்கே இல்லை. மண்ணெண்ணெய் விளக்கும் கல்சியம் காபைட் விளக்கும்தான். மாம்பழம் பழுக்கவைக்கப் போட்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாட்டிக்கொள்கிறார்களே, அதே கல். அதன்மேல் தண்ணீர் சொட்டினால் அசெற்றிலீன் வாயு வரும். அதைக் குழாயில் கொண்டுபோய்ப் பற்றவைத்தால் நல்ல வெள்ளைச் சுடர். அந்த விளக்கின் கோளாறுகளைக் கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடிக்கலாம். சுடர் குறைந்தால் முனையில் கரி அடைத்திருக்கும். சுடர் துடித்தால் தண்ணீர் சொட்டுவது ஒழுங்கில்லை. வாடை அடித்தால் ரப்பர் குழாய் ஒழுகுகிறது. குளிர் நாடுகளில் அந்தத் தண்ணீரே உறைந்துபோய்த் தொல்லை கொடுத்தது. அமெரிக்காவில் இந்த வாயுவைச் சிலிண்டரில் அடைத்து விற்ற பிரஸ்ட்-ஓ-லைட் என்ற கம்பனி 1904இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கியது. தொழிற்சாலைகள் வெடித்து ஊரைக் கலக்கிய கம்பனி. ஆனால் அதன் சொந்தக்காரர்கள் சம்பாதித்த காசு கொஞ்சமல்ல. 1909இல் அந்த ஊரின் புகழ்பெற்ற கார்ப் பந்தயத் திடலைக் கட்டியவர்களும் அவர்களே.

பிறகு மின்சாரம் வந்தது. சார்ல்ஸ் கெற்றரிங் என்ற பொறியியலாளர் வடிவமைத்த, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவும் விளக்கெரிக்கவும் சேர்ந்த மின் ஏற்பாடு 1912 கடிலாக் கார்களில் வந்தது. கைப்பிடி சுற்றும் காலம் முடிவதற்கான ஆரம்பம் அது. கடிலாக் பணக்காரர் கார். சாதாரண சனங்களின் காரான ஃபோர்ட் மொடல் டிக்கு 1915இல் மின் ஹெட் லைட் கிடைத்தது, ஆனால் அது பெட்டரியில் எரியவில்லை. இன்ஜினின் சில்லோடு சேர்ந்து சுழலும் காந்தத்திலிருந்து நேரடியாக வந்த கரண்டில் எரிந்தது. வேகமாகப் போனால் பிரகாசம், மெதுவாகப் போனால் மங்கல். குழியும் திருப்பமும் உள்ள இடத்தில்தான் மெதுவாகப் போவோம், வெளிச்சம் வேண்டியதும் அங்கேதான்! இன்ஜினை அதிகம் முறுக்கினால் பல்ப் எரிந்துபோகும். போதாததற்கு இரண்டு பல்பையும் தொடராக இணைத்திருந்தார்கள். ஒன்று போனால் இரண்டும் இருட்டு. எது போனது என்று பார்க்க ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நமது ஊரின் பழைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் அக்சிலேட்டரை முறுக்கினால்தான் லைட் வரும். வாப்பாமார் இரவில் சந்தியில் நின்றுகொண்டு சும்மா சும்மா முறுக்குவது பந்தாவுக்கு என்று சின்ன வயதில் நினைத்திருந்தோம்.

வெளிச்சம் கூடக் கூட இரண்டாவது தொல்லை ஆரம்பமானது. எதிரே வருபவரின் கண் கூசியது. லைட்டைக் கீழே சாய்க்கும் ஏற்பாடு 1915 அளவிலேயே அமெரிக்காவில் வந்தது. ஆனால் இறங்கி நின்றுதான் சாய்க்க வேண்டும். எதிரே கார் வரும்போது யார் இறங்குவார்? 1920களின் நடுப்பகுதியில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் வந்த பிறகுதான் இன்று நாம் 'ஹை', 'டிம்' என்று சொல்வது கைக்குச் சுலபமானது. பிரான்ஸ்காரர் வேறு வழியில் யோசித்தார்கள். 1930களின் பிற்பகுதியிலிருந்து அங்கே மஞ்சள் ஹெட் லைட்தான் சட்டம். 1993 வரைக்கும் அந்தச் சட்டம் நின்றது.

அமெரிக்கர் 1940 மொடல் கார்களிலிருந்து சீல்ட் பீம் என்ற முறைக்குப் போனார்கள். கண்ணாடி, தெறிப்பி, இழை மூன்றும் ஒரே கட்டியாக ஒட்டிய விளக்கு. தூசி போகாது, தண்ணீர் போகாது, தெறிப்பி கறுக்காது. இழை போனால் முழுவதையும் தூக்கி வீச வேண்டும். 1983 வரை அந்த நாட்டில் வேறு வகைக்கு அனுமதியே இல்லை. இந்த முறையில் பழுது தேடுபவருக்கு வேலை பாதியாகக் குறைந்தது, செலவு கூடியது. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்திருங்கள், கடைசியில் மறுபடி வரும்.

இடையில் உலக யுத்தம். 1939 செப்டெம்பரில் பிரித்தானியாவில் இருட்டடிப்புச் சட்டம் வந்தது. குண்டு போட வரும் விமானத்துக்குத் தெரியாமல் இருக்க ஹெட் லைட்டுக்குத் தகர மூடி போட்டு, கீற்றுப் போல வெளிச்சம் விட்டார்கள். பெற்றோல் பங்கீட்டில் கிடைத்த காலம், வீதியில் வாகனங்களும் குறைவு. அப்படியிருந்தும் 1941இல் அந்த நாட்டு வீதிகளில் 9,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நமது யுத்த காலத்திலும் ஒரு விளக்குச் சட்டம் இருந்ததே, ஞாபகமா? சோதனைச் சாவடி வந்தால் ஹெட் லைட்டை அணைத்து உள் லைட்டைப் போட வேண்டும். உள்ளே இருக்கும் முகங்கள் தெரிய வேண்டும். நானா சொன்னார், அந்த வருடங்களில் அவரிடம் அவசர வேலையாக வந்தது ஹெட் லைட் அல்ல, உள் லைட்தான். இரவுப் பயணம் போகும் எந்தச் சாரதியும் உள் லைட் எரியாமல் ஊரைத் தாண்ட மாட்டான். நாம் அப்போது சின்னப் பிள்ளைகள். வேனுக்குள் திடீரென்று லைட் வந்தால் உம்மாவின் முகம் இறுகும், அது மட்டும் நினைவிருக்கிறது.

இனி நமது வீதிகளை நிறைத்திருந்த பிரித்தானியக் கார்கள். மொரிஸ் மைனர், ஒஸ்டின், ஹில்மன். 1948இல் மொரிஸ் மைனர் வந்தபோது ஹெட் லைட் கீழே, ரேடியேட்டர் கிரில்லுக்குள் இருந்தது. அமெரிக்காவின் சட்டத்துக்கு அந்த உயரம் போதாது. அங்கே விற்பதற்காக லைட்டை மட்கார்டுக்கு மேலே தூக்கினார்கள், பிறகு எல்லா மைனருக்கும் அதுவே முகமானது. நாம் 'மைனர் முகம்' என்று சொல்லும் அந்த இரண்டு முழிக்கண்கள் அமெரிக்கச் சட்டம் போட்ட கண்கள்.

இந்தக் கார்களின் மின் சாமான் பெரும்பாலும் லூகஸ் கம்பனியுடையது. பேர்மிங்ஹாமில் மண்ணெண்ணெய் விற்று, கப்பல் விளக்கு விற்று, சைக்கிள் விளக்கில் பெயர் எடுத்த கம்பனி. 'வீதியின் ராஜா' என்று ஒரு விளக்குக்குப் பெயர் வைத்தார்கள். கார் காலத்தில் சனங்கள் அதை மாற்றி 'இருளின் இளவரசர்' என்று பகிடி பண்ணினார்கள். எங்கள் அபிப்பிராயத்தில் அந்தப் பகிடி முழுக்க நியாயமானதல்ல. மைனரில் மொத்தமே இரண்டு பியூஸ்தான், ஹெட் லைட் லைனில் பியூஸே கிடையாது. டைனமோ கொடுப்பது 20 அம்பியர் அளவு, அதுவும் இன்ஜின் சும்மா ஓடும்போது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இருபது வருடம் மழையிலும் உப்பிலும் ஓடிய காரில் ஒரு சுவிட்ச் கறுத்துப்போனால் அதைச் செய்தவனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அதோடு அந்தக் கார்களில் பெட்டரியின் பிளஸ்தான் உடம்போடு சேர்ந்திருக்கும், இன்றைய வாகனங்களுக்கு நேர் எதிர். ஜப்பான் ரேடியோவை வாங்கிவந்து மைனரில் யோசிக்காமல் மாட்டிப் புகை பார்த்தவர்கள் பலர் என்று நானா சொன்னார்.

ஆனால் அந்த வாகனங்கள் ஒரு பெரிய உபகாரம் செய்தன. வயர்களின் நிறத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நானா பதினாலு வயதில் தொழிலுக்குப் போனபோது அவருடைய பாஸ் முதல் மாதம் சாவியையே கையில் கொடுக்கவில்லையாம். வாய்ப்பாடு போல நிறத்தைப் பாடமாக்கச் சொல்லியிருக்கிறார். மண்ணிறம் என்றால் பெட்டரியிலிருந்து நேரே. வெள்ளை என்றால் சாவி திறந்த பிறகு. பச்சை என்றால் அதுவே பியூஸைத் தாண்டிய பிறகு. நீலம் ஹெட் லைட். நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை, சிவப்புக் கோடு டிம். சிவப்பு, பின் லைட்டுக்கும் பக்க லைட்டுக்கும். பச்சையில் சிவப்பு இடது சிக்னல், பச்சையில் வெள்ளை வலது சிக்னல். கறுப்பு, திரும்பி வரும் பாதை. ஐம்பது வருடத்துக்குப் பிறகும் மூச்சு விடாமல் சொல்கிறார். நமது பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு ஞாபகமில்லை.

பாடம் முடிந்த பிறகு கொடுத்த முதல் ஆயுதம் ஒரு சின்ன பல்பும் இரண்டு வயரும். அதுதான் டெஸ்ட் லாம்ப். பெட்டரியில் தொடங்கி ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். சுவிட்ச் வரைக்கும் எரிகிறது, சுவிட்சுக்குப் பிறகு எரியவில்லை என்றால் கள்ளன் சுவிட்ச். எல்லா இடமும் எரிந்து, ஹெட் லைட் மட்டும் எரியாவிட்டால் திரும்பும் பாதையைப் பார். பல்பைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பாஸின் கட்டளை. ஏன் என்று கேட்டோம்.

"பல்ப் இல்லியே சேர், மாத்திறதுக்கு!"

அதுதான் உண்மையான காரணம். 1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை நமது நாட்டில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. புதுக் கார் இல்லை, உதிரிப்பாகமும் நினைத்தவுடன் கிடைக்காது. பல்பின் அடிப்பொட்டு தேய்ந்தால் ஒரு துளி ஈயம் வைத்து உயர்த்துவார்கள். மைனரின் சிக்னல் அந்தக் காலத்தில் கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் சின்னக் கை. 1961 வரை வந்த மைனரில் அதுதான். அது இடையில் சிக்கினால் தூணில் உள்பக்கமாக ஓங்கி ஒரு குத்து. குத்தில் வராவிட்டால் கழற்றித் துடைத்து, துளி எண்ணெய் விட்டுப் போடுவார்கள். தட்டுப்பாடு நல்லது என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்து அரிசிக்கும் துணிக்குமான கியூவை மூத்தவர்களிடம் கேளுங்கள். ஆனால் மாற்ற முடியாத இடத்தில் தேட வேண்டிவந்தது, தேடியவர்கள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். 1990களில் மொரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்களை நமது நாட்டில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கெட்டித்தனம் இன்னொரு தடவை தேவைப்பட்டது. யுத்த காலத்தில் பெட்டரி அங்கே போவது தடுக்கப்பட்டிருந்தது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின, சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். நானா அதைக் கண்ணால் காணவில்லை. அதற்கு முன்பே புத்தளத்தில் ஓலைக் குடிசையில் இருந்தார். அங்கே தன்னிடம் வேலை பழகிய பெடியன் ஒருவன் பல வருடம் கழித்து வந்து சொன்னானாம். "எண்ட டெஸ்ட் லாம்பத்தான் அவன் வச்சிருந்தான்" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. பிறகு ஜப்பான் வாகனங்கள் வந்து குவிந்தன. அவர்களும் நம்மைப் போல இடது பக்கம் ஓடுபவர்கள் என்பதால் லைட்டின் டிம் வெளிச்சம் சரியாக இடது ஓரத்துக்குக் கூடுதலாகப் போகும்படி அமைந்திருந்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. வலது பக்கம் ஓடும் நாட்டுக்குச் செய்த லைட்டை மலிவு என்று வாங்கிப் போட்டால், அது ஓரத்தில் போகும் சைக்கிளை விட்டுவிட்டு எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும்.

அந்த ஜப்பான் வாகனங்களோடு நமக்குப் பரவலாக வந்தது எச் 4 பல்ப். ஹலஜன் வாயு அடைத்த பல்ப் 1962இல் ஐரோப்பியக் கார்களுக்கு வந்தது; ஹையும் டிம்மும் ஒன்றாக உள்ள எச் 4 1971இல். 60க்கு 55 வொட். சாதாரண பல்பைவிடப் பிரகாசம், ஆனால் விரல் பட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டி, சூட்டில் அந்த இடம் கெட்டு, பல்ப் சீக்கிரம் போய்விடும். துணியால் பிடியுங்கள். இரண்டு ஹையும் சேர்த்தால் 120 வொட், அதாவது 10 அம்பியர். இவ்வளவும் சுவிட்சுக்குள்ளால் போனால் சுவிட்ச் கருகும். அதற்குத்தான் ரிலே. சுவிட்ச் ஒரு சின்னக் கரண்டால் ரிலேயை எழுப்பும், ரிலே பெரிய கரண்டைப் பெட்டரியிலிருந்து நேரே லைட்டுக்கு விடும். நல்ல ஏற்பாடு. ஆனால் தேட வேண்டிய இடம் இன்னொன்று கூடியது.

பிரேக் லைட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எரியாவிட்டால் ஓட்டுபவருக்குத் தெரியாது. பின்னால் வருபவருக்குத்தான் தெரியும், அவரும் ஹோர்ன் அடிப்பாரே தவிர வந்து சொல்ல மாட்டார். 1970களில் சான் பிரான்சிஸ்கோ நகர டாக்சிகளின் பின்னால் நடுவில் மூன்றாவது பிரேக் லைட் ஒன்றைப் பூட்டிப் பார்த்தார்கள். பின்னால் வந்து மோதுவது வெகுவாகக் குறைந்தது. 1986இலிருந்து அமெரிக்கப் புதுக் கார்களில் அது கட்டாயம். இன்று நம் வீதியில் எத்தனையோ வாகனங்களில் அந்த நடு லைட் ஒன்றுதான் மிஞ்சி எரிகிறது.

இப்போது எல்ஈடி, கம்பியூட்டர் காலம். புது ஹைபிரிட் கார்களில் லைட் சுவிட்ச் லைட்டை எரிப்பதில்லை, ஒரு கம்பியூட்டரிடம் செய்தி சொல்கிறது, அது எரிக்கிறது. பல்ப் போய்விட்டதா என்று அதுவே மெல்லிய கரண்ட் விட்டுப் பார்க்கும். நானா அந்தக் கார்களில் தன் டெஸ்ட் லாம்பைத் தொடுவதில்லை. கூடுதல் கரண்ட் இழுத்து உள்ளே எதையாவது சாகடித்துவிடும் என்கிறார். மீட்டர் மட்டும் பாவிக்கிறார், மகன் ஸ்கேனர் போடுகிறான். விளக்கோ மறுபடி ஒட்டிய கட்டியாகிவிட்டது. 1940இன் சீல்ட் பீம் கதைதான், விலை மட்டும் வேறு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் கதவு திறக்கும்வரை ஒரு எல்ஈடி ஹெட் லைட் உடைந்தவர்கள் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக அலைந்ததைக் கண்டிருக்கிறோம்.

கடைக்காரர் சொன்ன அந்த எல்ஈடி பல்பைப் பற்றியும் நானாவிடம் கேட்டோம். தெறிப்பிக் கிண்ணம் ஹலஜன் இழை நிற்கும் இடத்தைக் கணக்குப் பண்ணி வளைத்தது. மில்லிமீற்றர் தவறினாலும் வெளிச்சம் சிதறும். எல்ஈடி பொட்டு அந்த வடிவத்தில் இல்லை. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் பகல் போலத் தெரியும், தூரத்தில் ஒன்றும் இருக்காது, எதிரே வருபவர் குருடாவார். இரவில் கற்பிட்டி வீதியால் மீனும் மரக்கறியும் ஏற்றிவரும் லொறிகளுக்கு முன்னால் இந்த வகை லைட்டோடு போகும் ஓட்டோத் தம்பிமார் இதை ஒருமுறை யோசித்தால் நல்லது.

எமது வேனுக்கு வருவோம். நானா துருப்பிடித்த ஆணியைக் கழற்றினார். அந்த இடத்தைப் பெயின்ட் போய் வெள்ளி இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தார். வயரின் நுனியில் புது வளையம் வைத்து, ஈயம் பிடித்து, முறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். இருபது நிமிடம். மறுபடி அளந்தபோது திரும்பும் பாதையில் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே. இடது லைட் வலதைவிட வெளிச்சமாகத் தெரிந்தது. உடனே வலது பக்கத்தையும் செய்யச் சொன்னோம்.

காசைக் கேட்டோம். "இருங்க சேர்" என்றுவிட்டு வேனின் பின்னால் போய் நின்றார். "பிரேக்க அமத்துங்க." அமத்தினோம். "இப்ப இடது சிக்னலப் போடுங்க." போட்டோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு எங்களைப் பின்னால் வந்து பார்க்கக் கூப்பிட்டார். ஒருவர் பிரேக்கில் காலை வைத்திருக்க, மூவர் போய்ப் பார்த்தோம். இடது பக்கத்தில் பிரேக் லைட் முழுதாக எரியவில்லை. சிக்னல் அடிக்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து மங்கித் துடித்தது. பார்க் லைட் அரை உயிரில் மினுங்கியது. அங்கேயும் திரும்பும் பாதை போய்விட்டது. கரண்ட் வழி தெரியாமல் ஒரு பல்பிலிருந்து மற்ற பல்புக்குள் புகுந்து வெளியேறிக்கொண்டிருந்தது.

எத்தனை மாதமாக இப்படி ஓடினோம் என்று எங்களுக்குத் தெரியாது. அந்த வேனில்தான் வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்புப் பிள்ளைகளை வீடுகளில் இறக்குகிறோம்.

நானா உப்புத்தாளைக் கையில் எடுத்தார். பின் லைட்டின் நாலு ஆணியையும் நாமே கழற்றிக் கொடுத்தோம்.